செர்பியாவைத் தண்டித்தது யார்?

"ஸ்ரெப்ரெனிட்சா படுகொலைக்காக சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் செர்பியாவைத் தண்டித்தது" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது அப்படி இல்லைங்க.

அந்த நீதிமன்றம் 2002 ஜூலையில்தான் செயல்படத் தொடங்கியது. அதற்கு முந்தைய குற்றங்களை அது விசாரிக்க முடியாது. போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா நகரில் போஸ்னிய செர்பியப் படை ஆயிரக்கணக்கான முஸ்லிம் ஆண்களைக் கொன்ற இந்தப் படுகொலை நடந்தது 1995 ஜூலையில். தவிர, அங்கே தனிமனிதர்கள்தான் கூண்டில் ஏறுவார்கள், நாடுகள் அல்ல.

செர்பியா மீது போஸ்னியா 1993-லேயே வழக்குப் போட்டது சர்வதேச நீதிமன்றத்தில், அதாவது நாடுகளுக்கு இடையிலான வழக்குகளுக்கானது. (இரண்டுமே ஹேக் நகரில் இருப்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.) தீர்ப்பு வரப் பதினான்கு வருஷம் ஆனது. 2007-இல் அது சொன்னது: ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்தது இனப்படுகொலைதான், ஆனால் அதைச் செய்தது செர்பிய அரசு என்று நிரூபணமாகவில்லை. தடுக்கத் தவறியதும், அந்தப் படையின் தளபதி ராட்கோ ம்லாடிச்சைப் பிடித்து ஒப்படைக்காததும் செர்பியாவின் மீறல்கள். இழப்பீடாக ஒரு பைசாகூட விதிக்கவில்லை. எனக்கு இது இன்றும் உறுத்துகிற தீர்ப்புதான், அது வேறு விஷயம்.

ம்லாடிச்சுக்கு 2017-இல் ஆயுள் தண்டனை கொடுத்தது இன்னொரு மன்றம்: முன்னாள் யூகோஸ்லாவியாவுக்காக ஐ.நா. பாதுகாப்புச் சபை 1993-இல் அமைத்த தீர்ப்பாயம். 2021-இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது.