கோர்டனைத் தூக்கிலிட்டது எந்தச் சட்டம்?

ராணுவச் சட்டம், அதாவது கலவரக் காலத்தில் ஒரு பகுதியின் அதிகாரத்தை ராணுவமே கையில் எடுக்கும் நிலை, வந்துவிட்டால் மற்றச் சட்டங்கள் எல்லாம் செத்துவிடும் என்று சட்டம் படித்தவர்களே சொல்லக் கேட்கும்போது வருத்தமாக இருக்கிறது. பிரிட்டிஷ் காலனியாக இருந்த ஜமைக்கா, 1865-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 11 அன்று மொரான்ட் பேயில் கலவரம். 13-ஆம் தேதி ஆளுநர் எட்வர்ட் ஐயர் சர்ரே மாவட்டத்தில் ராணுவச் சட்டத்தை அறிவித்தார், கிங்ஸ்டன் நகரம் மட்டும் நீங்கலாக. சட்டமன்ற உறுப்பினர் ஜார்ஜ் வில்லியம் கோர்டன் இருந்தது அந்தக் கிங்ஸ்டனில்தான். அங்கே அவரைச் சாதாரண நீதிமன்றம்தான் விசாரிக்க முடியும். கலவரத்தைத் தூண்டியதாகச் சொல்லி ஐயர் அவரைக் கைது செய்து, கப்பலேற்றி, ராணுவச் சட்டம் இருந்த மொரான்ட் பேக்குக் கொண்டுபோனார். 21-ஆம் தேதி மூன்று இளநிலை அதிகாரிகள் விசாரித்தார்கள். 23-ஆம் தேதி தூக்கு. ஆளைத் தூக்கிக்கொண்டுபோய் அதிகார வரம்புக்குள் வைத்தார்கள். என் பார்வையில் இது சட்டத்தின் பெயரால் நடந்த கொலை.

மொத்தம் 439 பேர் கொல்லப்பட்டார்கள், சுமார் 600 பேருக்குக் கசையடி, ஆயிரம் வீடுகள் எரிப்பு. விசாரணைக் குழு சொன்ன கணக்கு இது.

1867-இல் லண்டனில் கோர்டனின் தண்டனையை உறுதிசெய்த நெல்சன், விசாரணைக்குத் தலைமை தாங்கிய பிராண்ட் என்ற இரு அதிகாரிகள் மீது கொலை வழக்கு. கோர்டனை இடம் மாற்றியதைத் தலைமை நீதிபதி காக்பர்ன் கடுமையாகக் கண்டித்தார். ஆனாலும் வழக்கை விசாரணைக்கு அனுப்பலாமா என்று முடிவுசெய்யும் கிராண்ட் ஜூரி குற்றச்சாட்டை ஏற்கவில்லை.

உண்மையான பூட்டு வேறிடத்தில் போடப்பட்டிருந்தது. நடந்ததற்கெல்லாம் பின்தேதியிட்டுப் பாதுகாப்புத் தரும் சட்டத்தை ஜமைக்கா சட்டமன்றம் இயற்றியிருந்தது. அதற்கு ஒப்புதல் அளித்ததும் ஐயரே! தன்னை அடைத்துத் துன்புறுத்தியதற்காகப் பிலிப்ஸ் என்பவர் ஐயர் மீது தொடுத்த வழக்கு 1870-இல் தோற்றது. ஆளுநர் தன்னைக் காக்கும் சட்டத்துக்குத் தானே ஒப்புதல் அளித்தாலும் அது செல்லும் என்றது நீதிமன்றம். செய்தது சட்டப்படி சரியென்றால் இப்படி ஒரு பாதுகாப்பு எதற்கு? அந்தச் சட்டமே ஒப்புதல் வாக்குமூலம்தான்.

ராணுவச் சட்டத்தின்போது நடந்த பஞ்சாப் கொடுமைகளுக்குப் பிறகு 1919-இல் இங்கேயும் அதே வழி: அதிகாரிகளுக்குப் பாதுகாப்புத் தரும் ஒரு சட்டம். ஆனால் அந்தக் காலனியச் சட்டம்கூட, நல்லெண்ணத்தோடும், செயல் அவசியம் என்ற நியாயமான நம்பிக்கையோடும் செய்ததற்கே விலக்களித்தது. அதற்கு மாறாக அதிகாரி நடந்தார் என்று காட்டும் சுமையைப் பாதிக்கப்பட்டவர் தலையில் வைத்தது வேறு விஷயம்.

நம் அரசியலமைப்பின் 34-ஆவது பிரிவில் அந்த இரண்டு நிபந்தனைகளும் இல்லை. ராணுவச் சட்டம் என்றால் என்ன என்ற விளக்கமும் இல்லை. அமைதியைக் காக்கவோ மீட்கவோ செய்த செயல் என்றால் நாடாளுமன்றம் விலக்களிக்கலாம். விதித்த தண்டனைகளையும் செல்லுபடியாக்கலாம். நல்லெண்ணமும் அவசியமும் அந்தப் பிரிவிலேயே எழுதப்பட வேண்டும், நிரூபிக்கும் சுமை அதிகாரி மேல் இருக்க வேண்டும்.