நஞ்சுக்கொடி விழும் வரை சீம்பால் கொடுக்கக் கூடாதா?

குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, பாகூர் பக்கம் மாடு வைத்திருப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "கன்று போட்டதும் நஞ்சுக்கொடி விழும் வரை பால் கறக்கவோ ஊட்டவோ கூடாது, மீறினால் கொடி விழாது, கன்றுக்குக் கழிச்சல் வரும்."

இது தவறு, கன்றின் உயிருக்கே ஆபத்தான தவறு. மனுஷக் குழந்தை மாதிரி இல்லை, தாயின் வயிற்றில் இருக்கும்போது நோய் எதிர்ப்புப் புரதம் கன்றுக்குப் போய்ச் சேருவதே இல்லை, எல்லாம் சீம்பாலில்தான் இருக்கிறது. அதையும் கன்றின் குடல் முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக உறிஞ்சும், 24 மணி நேரம் ஆனால் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். கொடி விழ 8 மணி, 12 மணி கூட ஆகலாம், அதுவரை கன்றைப் பட்டினி போட்டால் என்ன மிஞ்சும்? அந்தக் கன்றுக்குத்தான் கழிச்சலும் சளியும் சீக்கிரம் வரும்.

கன்று முட்டிக் குடிக்கும்போது மாட்டுக்கு ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து கருப்பை சுருங்கும், அது கொடி விழ உதவத்தான் செய்யும்.

மடியைக் கழுவித் துடைத்து, முதல் பீச்சுப் பாலைக் கீழே விட்டுவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டுங்கள். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டராவது, பிரித்துப் பிரித்து. எழுந்து நிற்க முடியாத கன்றுக்குக் கறந்து பாட்டிலில் கொடுங்கள். அப்புறம் கன்றின் தொப்புள்கொடியில் டிஞ்சர் அயோடின் வையுங்கள்.

12 மணி நேரம் தாண்டியும் கொடி தொங்கினால் கல்லைக் கட்டித் தொங்கவிடுவது, கையால் இழுப்பது வேண்டவே வேண்டாம், கருப்பை கிழிந்து ரத்தம் கொட்டும். கடலூர்ப் பக்கம் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்கு போன் போடுங்கள், புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.