மண்வெட்டி எங்களுக்கு, துருசு அவர்களுக்கு

நீர்ப்பாசனத்தில் "கமக்காரர் பங்கேற்பு" என்று யாராவது பேசத் தொடங்கினாலே எனக்கு எரிச்சல் வருகிறது. பங்கேற்பு வேண்டாம் என்பதில்லை. சொன்னதில் பாதியைத்தான் தந்தார்கள், அதுவும் பாரமான பாதி.

1988 இல் இலங்கை அரசு எடுத்த முடிவு இது: பெரிய குளங்களின் அணைக்கட்டும் துருசும் (தண்ணி திறக்கும் மதகு) பிரதான வாய்க்காலும் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமே இருக்கும், கிளை வாய்க்காலும் வயல் வாய்க்காலும் கமக்காரர் அமைப்புகளிடம் போகும். புல் வெட்டுவதும் தூர் அள்ளுவதும் உடைப்பு அடைப்பதும் எங்கட வேலை. தண்ணி எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது மேலே தீர்மானமாகும். கந்தளாய்க் குளத்தில் திறந்த தண்ணி தம்பலகாமத்துக் கடைசி வயலுக்கு எட்டாவிட்டால் வாய்க்காலைத் துப்புரவாக வைத்திருந்து என்ன செய்வது?

போகம் தொடங்க முன் அதிகாரிகளும் கமக்காரரும் கூடும் ஆரம்பக் கூட்டத்தில் கேட்கலாமே என்பீர்கள். விதைப்புத் திகதி, தண்ணி விடும் திகதி, மாடு அப்புறப்படுத்தும் திகதி எல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. ஆனால் குளத்தில் கிடப்பது எவ்வளவு, நகரத்துக் குடிநீருக்கு எவ்வளவு என்ற கணக்கோடு அதிகாரிகள் வருகிறார்கள். கமக்காரன் வெறுங்கையோடு வந்து தலையாட்டிவிட்டுப் போகிறான். குத்தகைக்குச் செய்கிறவர்கள் பாடு இன்னும் மோசம், காணிக்காரர் பேசினால்தான் சபையில் எடுபடும்.

இதை வேறு விதமாகச் செய்து காட்டியதும் எங்கட கிழக்கு மாகாணம்தான். 1980களின் தொடக்கத்தில் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில், படித்த இளைஞர்கள் ஊர்களில் போய்த் தங்கினார்கள். வயல் வாய்க்கால் வாரியாக ஆட்களைக் கூட்டிப் பேசி, அவர்களே தங்கள் பிரதிநிதியைத் தெரிவு செய்யவிட்டார்கள். அந்தப் பிரதிநிதிகள் பொறியியலாளர்களுடன் ஒரே குழுவில் உட்கார்ந்தார்கள். மேல்பக்கத்துச் சிங்களக் கமக்காரர் மிச்சம் பிடித்த தண்ணி கடைசியிலிருந்த தமிழ் வயல்களுக்கு வந்தது. அந்தக் காலத்தில் இது சின்ன விஷயமா? ஆந்திராவில் 1997 இல் ஒரு சட்டம் போட்டு, அதே ஆண்டில் தேர்தல் வைத்துப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நீர்ப்பாவனையாளர் சங்கங்களை உண்டாக்கினார்கள். எண்ணிக்கையைப் பார்த்து வாய் பிளப்பவர்கள் பிளக்கட்டும், எனக்குக் கல்லோயாவின் நிதானம்தான் பிடிக்கிறது.

தண்ணிக் கதவு யார் கையில் என்பது எவ்வளவு பெரிய கேள்வி என்று திருகோணமலைக்காரருக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2006 யூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாற்று வாய்க்கால் கதவை மூடினார்கள், அதன் பிறகு வெடித்த சண்டையில் மூதூரும் வெருகலும் பட்டது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே என் கோரிக்கை இரண்டுதான். குளத்து நீர்மட்டமும் திறக்கும் அளவும் வாராவாரம் ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும் தமிழில் ஒட்டப்படட்டும். முறைத்தண்ணி, அதாவது யாருக்கு எப்போது தண்ணி என்ற முறை, தீர்மானிக்கும் இடத்தில் கடைசி வாய்க்கால்காரருக்கும் வாக்கு இருக்கட்டும். அதற்குப் பிறகு சிரமதானத்துக்குக் கூப்பிடுங்கள், மண்வெட்டியோடு வருகிறோம்.