தீர்ப்பு ஏழைகளுக்கு, இரக்கம் பெரியவர்களுக்கா?

போன கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பிரசங்க வீடியோவைப் போட்டுவிட்டிருந்தார்கள். வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் அது கடவுளின் தீர்ப்பாம். கடன், தீராத வருத்தம், பிள்ளைக்கு வேலை கிடைக்காதது எல்லாமே அப்படித்தானாம். கீழே வரிசையாக ‘ஆமென்’ வேறு. வெள்ளம் முதலில் ஏறுவது களனி கங்கைக் கரையில் பலகை வீட்டில் இருப்பவர்களுக்குத்தான். பாவமும் அங்கேதான் அதிகமா, பாஸ்டர்?

இந்தக் கேள்வி பைபிளில் லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள். எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று இயேசு கேட்டார். இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். கையோடு, மனம் மாறாவிட்டால் உங்களுக்கும் இதே கதிதான் என்றார். அந்த எச்சரிக்கை உயிரோடு நின்று கதை கேட்டவர்களுக்கு.

ஏழைக்கு இப்படி ஒரு தீர்ப்பைச் சொல்கிற நாங்கள், பதவியில் இருப்பவர்கள் என்றால் உடனே இரக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம்.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. அடுத்த ஞாயிறு திருச்சபை நாட்காட்டியில் இறை இரக்கத்தின் ஞாயிறு. கொழும்பில் கோயில்களில் பூசை இல்லை. கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் தன் இல்லத்தில் ஒப்புக்கொடுத்த பூசையை டிவியில் பார்த்தோம். பக்கத்து வீட்டில் இன்னும் அழுகை ஓயாதபோது இரக்கத்தைப் பற்றிக் கேட்க யாருக்கு மனம் வரும்? அடுத்த ஆண்டு உயிர்ப்பு விழாவில், தாக்கியவர்களை மன்னித்தோம் என்று கர்தினால் சொன்னார். பின்னால் இருந்தவர்கள் யார் என்று கேட்பதை மட்டும் அவர் விடவில்லை. “அதுதான் மன்னித்தாயிற்றே, இன்னும் எதற்கு விசாரணை?” என்று கேட்டவர்கள் உண்டு. நல்ல கேள்வி மாதிரித்தான் தெரியும்.

பாவசங்கீர்த்தனத்தில் களவைச் சொன்னால், எடுத்ததைத் திருப்பிக் கொடு என்றுதான் பாதர் சொல்வார். மறைக்கல்விக்குப் போகிற பிள்ளைக்கும் இது தெரியும். பைபிளில் வரும் வரி வசூலிப்பவன் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் தருவதாகச் சொன்ன பிறகுதான், இன்று இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று இயேசு சொல்கிறார். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தாக்குதல் பற்றி முன்கூட்டியே தகவல் கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக, அப்போது ஜனாதிபதியாக இருந்த சிறிசேனவை 10 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. காசு செத்தவரைக் கொண்டுவராது, சரி. ஆனாலும் நடந்தது பிழை என்று ஒரு நீதிமன்றம் எழுதி வைத்தது சின்ன விஷயமில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாள் செபத்துக்குக் கொச்சிக்கடைக்குப் போய்ப் பாருங்கள். பொட்டு வைத்த அம்மாமாரும் வருவார்கள். பிளாஸ்டிக் உறையில் போட்ட மகனின் போட்டோவைச் சுரூபத்தருகே பிடித்துக்கொண்டு நிற்கிற தாயிடம், தீர்ப்பு நாளை நினைத்துப் பயப்படு என்று யாராவது சொல்ல முடியுமா? அவர் காத்திருப்பதே அந்தத் தீர்ப்புக்காகத்தான். திருப்பாடல் 96இல் கடவுள் தீர்ப்பு வழங்க வருகிறார் என்றதும் காட்டு மரங்கள்கூட ஆர்ப்பரிக்கின்றன.

நினிவே நகரம் அழியப்போகிறது என்று எச்சரிக்கப் போன இறைவாக்கினர் யோனாவை இழுத்துக்கொண்டு சிலர் வருவார்கள் என்று தெரியும். நினிவேயைக் கடவுள் மன்னித்தாரே என்பார்கள். மன்னித்தார்தான். யோனாவின் கோபத்தையும் மீறி மன்னித்தார். அதற்கு முன் அந்த ஊர் அரசன் அரியணையை விட்டு இறங்கி, சாக்குடை உடுத்திச் சாம்பலில் உட்கார்ந்தான். எங்கள் நாட்டில் அப்படி இறங்கி வந்த ஒரே ஒருவரைக் காட்டுங்கள். அப்புறம் நினிவேயைப் பற்றிப் பேசுவோம்.