ஜெபம்னா பேரம் இல்லங்க

புதன்கிழமை அந்தத் துக்க வீட்டுல நடந்ததை நான் மறுபடி விவரிக்கப் போறதில்ல, வீடியோ எல்லாரும் பாத்தாச்சு. புள்ளைய அடக்கம் பண்ணி மூணு நாள் ஆகாத ஒரு தாய்கிட்ட "விசுவாசத்தோட ஜெபிச்சிருந்தா பிழைச்சிருப்பான்"னு ஜெபிக்க வந்தவங்க மைக்ல சொல்றாங்க, கூட இருந்தவங்க ஆமென் போடுறாங்க. ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல.

ஜெபம்னா கடவுள்கிட்ட பேரம் பேசுறது இல்லங்க. இத்தனை நாள் உபவாசம், இத்தனை பேர் சங்கிலி ஜெபம், அதனால கேட்டது கிடைச்சே தீரணும்னு வேதத்துல எங்க இருக்கு? சிலுவைக்குப் போறதுக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசுவே முகங்குப்புற விழுந்து இந்தப் பாத்திரம், அதாவது வரப்போற பாடு, நீங்கட்டும்னு கேட்டாரு, மூணாந்தரமும் போய் அதே வார்த்தையைச் சொல்லி ஜெபிச்சாருன்னு மத்தேயு 26ல இருக்கு. அந்தப் பாத்திரம் நீங்கல. அப்போஸ்தலர் பவுல் தன்னை வாட்டுன ஒரு வேதனைய 'முள்ளு'ன்னு சொல்லி, அதை எடுக்கச் சொல்லி மூணு தரம் கேட்டாரு, "என் கிருபை உனக்குப் போதும்"னு பதில் வந்துச்சு, முள்ளு அப்படியேதான் இருந்துச்சு. இவங்களுக்கும் விசுவாசம் பத்தலையா?

உடனே யாக்கோபு 5:15ஐத் தூக்கிட்டு வருவீங்க, விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்னு. முந்தின வசனத்தையும் சேத்துப் படிங்க. சபையின் மூப்பர்களை, அதாவது சபையை நடத்துற பெரியவங்களை வரவழைக்கணும், அவங்க எண்ணெய் பூசி ஜெபம் பண்ணணும்னு இருக்கு. ஜெபம் பண்றது மூப்பர். அப்போ விசுவாசம் குறைஞ்சுதுன்னா மொதல்ல யாரைக் கேக்கணும்? பெத்தவளையா?

"அபிஷேகம் பண்ணப்பட்டவங்களைத் தொடாதே"ன்னு, அதாவது ஊழியக்காரங்களைக் குறை சொல்லாதேன்னு, ஏற்கனவே ரெண்டு பேர் இன்பாக்ஸ்ல வந்துட்டாங்க. அவங்களோட வாதாட எனக்குத் தெம்பு இல்ல.

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னு கேக்குறவங்களுக்குச் சொல்றேன். என் தம்பி 2011ல போனான். ரத்தப் புற்றுநோய், 26 வயசு. பாளையங்கோட்டைல எங்க வீட்டு முன்ரூம்ல 21 நாள் உபவாச ஜெபம் நடந்துச்சு, அம்மா கஞ்சித்தண்ணியிலயே கெடந்தா. அடக்கம் முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் ஜெபக்குழு அக்கா ஒருத்தங்க "இந்த வீட்டுல யாருக்கோ சந்தேகம் இருந்துச்சு, அதான்"னு சொல்லிட்டுப் போனாங்க. அது நான்தான்னு நெனச்சேன். ஏன்னா இன்னும் எவ்வளவு நாள்னு டாக்டர்கிட்ட கேட்டது நான். நான் கேட்டதாலதான் அவன் செத்தான்னு ஆறு வருஷம் நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன், அம்மாகிட்டகூட சொல்லல, முழங்கால் போட்டா வார்த்தையே வராது.

அப்புறம் ஒருநாள் ராத்திரி ஆச்சி பக்கத்துல படுத்திருந்தேன். நான் தூங்கிட்டேன்னு நெனச்சு ஆச்சி ஜெபம் பண்ணுது. "ஆண்டவரே, முருங்க நல்லா காய்ச்சிருக்கு. முட்டி வலி தாங்கல. நம்ம பய ஞாபகமாவே இருக்கு." அவ்வளவுதான். எதையும் குடுங்கன்னு கேக்கல. இயேசு கத்துக்குடுத்த பரமண்டல ஜெபத்தை ஒருதரம் சொல்லிட்டுத் தூங்கிடுச்சு. நான் அன்னைக்குத்தான் அழுதேன். எத்தனையோ கூட்டத்துல உக்காந்திருக்கேன், ஜெபம்னா என்னன்னு எனக்குப் புரிஞ்சது அந்தப் பாய்லதான்.

அப்போ நீ அற்புதத்தை நம்பலையான்னு கேப்பீங்க. நம்புறேன். யாராவது சீக்குன்னு சொன்னா இன்னைக்கும் கேக்கத்தான் செய்றேன், கெஞ்சத்தான் செய்றேன். கேக்குறது தப்புன்னு நான் எங்கயும் சொல்லல. கிடைக்கலைன்னா பாதிக்கப்பட்டவங்க மேல பழியப் போடாதீங்கன்னுதான் சொல்றேன். சங்கீதம் 88 எடுத்துப் பாருங்க, ராவும் பகலும் கூப்பிட்டவன் பாட்டு அது, கடைசி வசனம்கூட ஆறுதல்ல முடியல. அதையும் வேதத்துல வச்சிருக்காங்களே. அவனை யாரும் விசுவாசம் இல்லாதவன்னு வெட்டி எறியலையே.

வேதத்துல புள்ளைங்க, சொத்து எல்லாத்தையும் இழந்த யோபுவோட சிநேகிதங்க ஏழு நாள் ராவும் பகலும் அவன்கூட தரையில உக்காந்திருந்தாங்க, ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசல. வாயத் திறந்து அவன் மேலயே பழியப் போட்ட பிறகுதான் எல்லாம் கெட்டுச்சு.

அந்த அம்மா வீடு தெரிஞ்சவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க, இங்க கமெண்ட்ல போட்டுடாதீங்க. நான் போய் எதுவும் பேசப் போறதில்ல. கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்துட்டு வரணும்.