ஆஸ்டா நீல்சனைக் கார்போவின் பெயரால் அறிமுகப்படுத்தாதீர்கள்

மௌனப் படங்களைப் பற்றிப் பேசும் நண்பர்கள் எப்போதாவது டேனிஷ் நடிகை ஆஸ்டா நீல்சனைக் குறிப்பிட்டால், ஹாலிவுட் நட்சத்திரம் கிரேட்டா கார்போவுடன் ஒரு படத்தில் நடித்தவர் என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி நெடுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அவர்கள் சொல்லும் படம், பாப்ஸ்ட் இயக்கி 1925-இல் பெர்லினில் வெளியான, 'மகிழ்ச்சியற்ற தெரு' என்று பொருள்படும் ஜெர்மானியப் படம். முதல் உலகப் போர் முடிந்த வியன்னாவில், இறைச்சிக் கடை வாசலில் மக்கள் இரவெல்லாம் வரிசையில் நிற்கும் கதை அது. அதில் நடித்தபோது கார்போவுக்கு 19 வயது, இன்னும் ஹாலிவுட்டுக்குப் போகாத புதுமுகம். ஆஸ்டாவுக்கு 43 வயது, பதினைந்து ஆண்டுகளாக ஐரோப்பா முழுவதும் பெயர் தெரிந்த நடிகை. பின்னர் கார்போ உலகப் புகழ் பெற்றதும், அமெரிக்காவில் திரையிட்ட பிரதியில் ஆஸ்டாவின் பகுதியை வெட்டி, கார்போவின் கதையை மட்டும் முன்னிறுத்தினார்கள். வெட்டப்பட்ட பிரதியைப் பார்த்தவர்கள் எழுதிய வரலாற்றைத்தான் நாமும் வழிமொழிந்துகொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆஸ்டா 1881-இல் கோபன்ஹேகனில், உழைப்பாளிகள் வாழ்ந்த வெஸ்டர்ப்ரோ பகுதியில் பிறந்தவர். தந்தைக்கு நிலையான வேலை கிடையாது. தாய் பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பதினான்கு வயதில் தந்தையை இழந்த அந்தப் பெண், பதினெட்டு வயதில் அரச நாடக அரங்கின் நடிப்புப் பள்ளியில் இடம் பெற்றார். 1901-இல் திருமணமாகாமலே ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். குழந்தையின் தந்தை யார் என்பதைக் கடைசிவரை வெளியிடாமல், தாயும் தமக்கையும் துணைநிற்க மகள் யெஸ்டாவை வளர்த்தார். அந்தக் காலத்தில், அந்த வறுமையில் எடுத்த முடிவு என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நாடக மேடை அவருக்குப் பெரிய வேடங்களைத் தரவில்லை. தன் திறமையை நாடக அரங்கினர் கண்ணில் படவைக்க வேண்டும் என்றுதான் 1910-இல் உர்பன் காட் எழுதி இயக்கிய 'பாதாளம்' படத்தில் நடித்தார். மொத்தச் செலவு ஏறத்தாழ 8,000 டேனிஷ் குரோனர். ஓடும் நேரம் முக்கால் மணிக்கும் குறைவு. பாதிரியாரின் மகனுக்கு நிச்சயிக்கப்பட்ட பியானோ ஆசிரியை ஒருத்தி, சர்க்கஸ்காரன் ஒருவனோடு ஓடிப்போய்ச் சீரழிகிறாள். இறுக்கமான கறுப்பு உடையில், அவனைக் கயிற்றால் கட்டிவைத்து, அவன் உடலோடு உரசி ஆடும் நடனம்தான் எல்லோர் வாயிலும் விழுந்தது. சில நாடுகளில் தணிக்கையாளர்கள் அதை வெட்டவும் செய்தார்கள்.

டேனிஷ் திரைப்பட நிறுவனம் இணையத்தில் வைத்திருக்கும் பிரதியில் அந்தப் படத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என்னை நிறுத்திவைப்பது அந்த நடனமல்ல, கடைசிக் காட்சி. அந்தச் சர்க்கஸ்காரனைக் கத்தியால் குத்திய பிறகு அவளைக் காவலர்கள் அழைத்துச் செல்கிறார்கள். அழுகை இல்லை, தலையில் அடித்துக்கொள்வது இல்லை, வானத்தை நோக்கிக் கைகளை உயர்த்துவதும் இல்லை. கைகள் உயிரற்றுத் தொங்க, எதையும் பார்க்காத கண்களோடு, ஒவ்வோர் அடியாக நம்மை நோக்கி நடந்துவருகிறார். எட்டாவது வரிசையில் இருப்பவருக்கும் தெரியும்படி உணர்ச்சியைப் பெரிதாக்கிக் காட்டும் மேடை வழக்கத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்த காலம் அது. படக்கருவிக்கு முன்னால் முகம் சும்மா இருந்தாலே போதும் என்பதைத் தமது முதல் படத்திலேயே அவர் கண்டுகொண்டுவிட்டார். திரைநடிப்பைப் பற்றிப் பேசும் எவரும் தொடங்க வேண்டிய இடம் அதுவே என்பது என் உறுதியான கருத்து.

அதன்பின் பெர்லின். நகரை அடுத்த பாபெல்ஸ்பெர்க்கில் எழுப்பப்பட்ட கண்ணாடிப் படப்பிடிப்புக் கூடத்தில் 1912-இல் படமாக்கப்பட்ட முதல் படமே ஆஸ்டா நடித்ததுதான். தொடர்ந்து எழுபதுக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றுள் பல இன்று கிடைக்கவில்லை. பெண் வாக்குரிமைப் போராளி, கொள்ளைக்காரி, முப்பது வயதைக் கடந்தும் குறும்புக்காரச் சிறுமி என்று வேடங்கள் மாறிக்கொண்டே இருந்தன. 1920-ஐ ஒட்டிச் சொந்த நிறுவனம் தொடங்கி, ஷேக்ஸ்பியர் நாடகத்தால் அறியப்பட்ட 'ஹாம்லெட்' கதையைப் படமாக எடுத்து, தாமே டென்மார்க் இளவரசராக நடித்தார். அரசன் போரில் இறந்தான் என்ற செய்தி கேட்டு, அரியணையைக் காக்க, பிறந்த பெண் குழந்தையை ஆண் என்று அரசி அறிவித்துவிடுவதாகக் கதை மாற்றப்பட்டிருந்தது. வாழ்நாள் முழுவதும் ஆணாக நடிக்க நேர்ந்த ஒரு பெண், தன் நண்பன் ஹொரேஷியோவை நேசிக்கிறாள். அவள் பெண் என்பது, இறந்துகிடக்கும் அவள் மார்பில் அவன் கை படும்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. இந்தப் படத்தின் வண்ணமூட்டிய பிரதி ஒன்று பிற்காலத்தில் கிடைத்து, சீரமைக்கப்பட்டு, 2007 பெர்லின் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது.

பேசும் படம் வந்தபின் அவர் நடித்தது ஒன்றே ஒன்று, 1932-இல். நாஜிகள் அவரைத் தம் பக்கம் இழுக்க முயன்றபோது இணங்காமல் டென்மார்க்குக்குத் திரும்பினார். போர்க்காலத்தில், ஜெர்மனியில் இருந்த ஒரு டேனிஷ் இளைஞர் வழியாக, அங்கே சிக்கியிருந்த யூதர்களுக்கு உணவுப் பொட்டலங்கள் அனுப்பப் பணம் கொடுத்தார்; அவற்றைப் பெற்றவர்களில் ஒருவர் நாஜி ஆட்சிக்கால வாழ்க்கையைப் பதிவுசெய்த டிரெஸ்டன் நாட்குறிப்புகளால் அறியப்பட்ட விக்டர் கிளெம்பெரர். இதைக் கார்போவோடு ஒப்பிட்டு எழுதும் கட்டுரைகளில் நான் பார்த்ததில்லை.

அவருடைய முதுமையைப் பரிதாபக் கதையாக எழுதுவதும் சரியல்ல. துயரம் இருந்தது, 1964-இல் மகளை இழந்தார். ஆனாலும் 1968-இல், எண்பத்தாறு வயதைத் தாண்டிய நிலையில், தம்மைப் பற்றிய ஆவணப்படத்தைத் தாமே இயக்கினார். 1970-இல், 88 வயதில், காதலித்தவரை மணந்துகொண்டார். 1972 மே மாதம் காலமானார். அந்தக் கடைசிக் காலத்தில் கோபன்ஹேகன் வீட்டில் உட்கார்ந்து, வண்ணத் துணித் துண்டுகளைக் கத்தரித்து ஒட்டிப் படங்கள் செய்துகொண்டிருந்தார்.