ஹாஃபா, ஃபுல்லா? முதலில் ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணுங்கள்

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், எங்கள் கிளைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் டிபன் பாக்ஸோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். "அக்கா, ஜனவரியில சென்னை மாரத்தானுக்கு ரிஜிஸ்டர் பண்ணப் போறேன். ஹாஃபா, ஃபுல்லா?" ஹாஃப் என்றால் அரை மாரத்தான், 21 கிலோமீட்டர். ஃபுல் என்றால் முழு மாரத்தான், 42.

ஆறு மாதமாக ஓடுகிறாள். ஒரு முறை பத்து கிலோமீட்டர் ஓடி மெடல் வாங்கியிருக்கிறாள். போனில் அந்த மெடலின் படத்தைக் காட்டும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்குக் கொஞ்சம் பயம் வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே முகத்தோடுதான் நான் ஃபுல்லுக்குப் பணம் கட்டினேன்.

சாம்பார் சாதம் முடிவதற்குள் கவுன்டரில் ஆள் வந்துவிட்டார்கள். அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நான் பயிற்சியாளர் இல்லை. நாற்பத்திரண்டு வயது, வங்கி வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாமியார். ஒரு கிலோமீட்டருக்கு எட்டு நிமிஷம் எடுத்துக்கொள்கிறவள். ஐந்து நிமிஷத்தில் ஓடுகிறவர்கள் இதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம், போய் ஓடுங்கள்.

என் கட்சி இதுதான்: முதல் தடவை ஹாஃப்.

ஹாஃபுக்கு வந்த கெடுதலே அந்தப் பெயரால் வந்ததுதான். நம் ஊரில் அரை என்றாலே ஓர் இளப்பம். அரைகுறை, அரைவேக்காடு, அரைக்கிறுக்கு. ஹாஃப் ஓடிவிட்டு மெடலும் கழுத்துமாக அபார்ட்மென்ட் லிஃப்ட்டில் ஏறினால், மூன்றாம் மாடி சார் கேட்கிறார்: "பாதியிலேயே வந்துட்டீங்களா?" 21 கிலோமீட்டர், சார். எழும்பூரில் கிளம்பினால் குரோம்பேட்டையைத் தாண்டிவிடும். மின்சார ரயிலில் போனாலே அலுத்துப்போகிற தூரம்.

அப்புறம், அந்த 'முழு'வும் ஏதோ வானத்திலிருந்து இறங்கிய எண் கிடையாது. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் என்றால் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி, ஸ்டேடியத்தில் ராஜ குடும்பம் உட்கார்ந்திருந்த மாடத்துக்கு எதிரே முடித்தார்கள், அதுதான் 42.195. அதற்குப் பிறகும் 1912 ஸ்டாக்ஹோமில் 40.2, 1920 ஆன்ட்வெர்ப்பில் 42.75 என்று ஊருக்கு ஊர் மாறியது. 1921-இல்தான் லண்டன் கணக்கையே நிலையாக வைத்தார்கள். யாரோ ஒரு ராணி வசதியாக உட்கார்ந்து பார்த்த தூரத்துக்காக நாம் ஏன் முதல் வருஷமே முட்டியை அடமானம் வைக்க வேண்டும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த முடிவை எல்லோரும் பந்தய நாளை மனதில் வைத்து எடுக்கிறார்கள். "ஒரு நாள்தானே, எப்படியாவது தம் கட்டி முடித்துவிடலாம்." அந்த ஒரு நாள் பிரச்சினையே இல்லை. கூட்டம் இருக்கும், வாழைப்பழம் கொடுப்பார்கள், பறை அடிப்பார்கள், யாரென்றே தெரியாதவர் கை தட்டுவார். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில், வாரத்தின் நீண்ட பயிற்சி ஓட்டமான லாங் ரன்னில், இது எதுவும் கிடையாது. நீங்களும் தெருநாய்களும்தான்.

என் வேகத்தில் ஒரு கணக்குப் போடுகிறேன். ஹாஃபுக்குத் தயாராகும்போது மிக நீண்ட லாங் ரன் 18 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு எட்டு நிமிஷம், ஆக 2 மணி 24 நிமிஷம். நாலரைக்குக் கிளம்பினால் ஏழுக்குள் வீடு. பால் காய்ச்சி டிகாக்‌ஷன் இறக்கும்போதுதான் பிள்ளைகள் புரண்டு படுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக மிச்சம்.

ஃபுல்லுக்கு 30, 32 கிலோமீட்டர் வரை போக வேண்டும். முப்பதே என்று வையுங்கள். நாலு மணி நேரம். அதே நாலரைக்குக் கிளம்பினாலும் முடிக்கும்போது எட்டரை. சென்னையில் செப்டம்பர் மாதம் எட்டரை மணி என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். கடைசி ஒன்றரை மணி நேரம் வெயில் நேராக முகத்தில். காற்று அசையாது. வேர்வை ஆவியாகாமல் ஷூவுக்குள் இறங்கி, ஒவ்வொரு அடிக்கும் சளக் சளக் என்று கேட்கும். வீட்டுக்கு வந்ததும் கதை முடிவதில்லை. படியில் நேராக இறங்க முடியாது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்க வேண்டும். பனியனின் தையல் உரசிய இடத்தில் சோப்புத் தண்ணீர் பட்டால் குளியலறைக்குள்ளிருந்து வரும் சத்தம் கேட்டு மாமியார் கதவைத் தட்டுவார். (தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ முன்கூட்டியே தடவிக்கொள்ள வேண்டும் என்பது அன்றுதான் தெரிந்தது.) மதியம் மூன்று வரை பிணம் மாதிரி தூக்கம். ஞாயிறு போயே போச்சு.

இப்படி ஒன்றல்ல. ஃபுல்லுக்கு பதினாறு முதல் இருபது வாரப் பயிற்சி என்பார்கள். ஜனவரி ஓட்டம் என்றால் ஆகஸ்ட் நடுவிலிருந்தே தொடங்க வேண்டும். இப்போது நம் காலண்டரைப் பாருங்கள். ஆவணியில் கல்யாணங்கள். புரட்டாசி முடியும்போது கொலு. செப்டம்பர் கடைசியில் எங்களுக்கு அரையாண்டுக் கணக்கு. ஐப்பசியில் தீபாவளி, கூடவே மழை. வேளச்சேரிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், நவம்பரில் சில ஞாயிறுகளில் ஓடுவதை விட நீந்துவது சுலபம். மார்கழி வந்த பிறகுதான் ஓட்டக்காரர்களுக்கு நல்ல காலம்: காற்றில் குளிர், கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, வாசல் தெளித்துக் கோலம் போட உட்கார்ந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் பந்தயம் நெருங்கிவிட்ட மார்கழியில் உடம்பில் புதிதாகப் பலம் ஒன்றும் கட்ட முடியாது. கட்டியதைக் கலைக்காமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

நான் கட்டியது நவம்பரில் இடிந்தது. இருபத்தாறு கிலோமீட்டர் ஓடிய ஒரு ஞாயிறு. இடது காலின் முன் எலும்பில், கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, ஒரு ரூபாய் அளவு இடம். முதலில் ஓடினால் வலித்தது. அடுத்த வாரம் நடந்தால் வலித்தது. அப்புறம் ராத்திரி போர்வை பட்டாலே வலித்தது. ஓட்டங்களைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப்பில் ஒரு வாரக் கட்டம் காலியாகக் கிடந்துவிடுமே என்ற வீம்பில் அதன் மேல் மேலும் இரண்டு தடவை ஓடினேன். பிசியோதெரபிஸ்ட் அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினார், நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். "எலும்பு முறியல மேடம், முறியலாமான்னு யோசிச்சிட்டிருக்கு" என்றார். ஆறு வாரம் ஓட்டமே கூடாது. அந்த ஜனவரியில் நான் ஹாஃபும் ஓடவில்லை, பத்தும் ஓடவில்லை. பந்தயத்தன்று அலாரத்தை அணைக்க மறந்து இரண்டே முக்காலுக்கு எழுந்து, சமையலறையில் தனியாக உட்கார்ந்து காபி குடித்தேன்.

தப்பு வேறு யாருடையதும் இல்லை. மூச்சும் இதயமும் சில மாதத்தில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் அந்த அவசரம் கிடையாது, அவை சர்க்கார் ஃபைல் மாதிரி மெதுவாகத்தான் நகரும். மூச்சு வாங்கவில்லை என்பதால் காலும் தயார் என்று நினைத்தேன். புதிதாக ஓடுகிறவர்கள் எல்லோரும் வழுக்கும் இடம் இதுதான்.

எரிபொருள் கணக்கும் ஒன்று இருக்கிறது. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். என் எடை 62. ஹாஃபுக்கு 1,300 போலத் தேவை, ஃபுல்லுக்கு 2,600. தசையிலும் கல்லீரலிலும் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து அதிகபட்சம் 2,000 கலோரி அளவுக்குத்தான் வரும். ஆக, ஹாஃபைக் கையிருப்பிலேயே முடித்துவிடலாம். ஃபுல்லில் முப்பது கிலோமீட்டர் வாக்கில் டேங்க் காலி. ஓட்டக்காரர்கள் சுவர் என்று சொல்வது இதைத்தான். அதற்காக ஓடிக்கொண்டே சாப்பிடப் பழக வேண்டும், அதற்கு வயிறும் ஒத்துழைக்க வேண்டும். 24-ஆவது கிலோமீட்டரில் பேரீச்சம்பழம் சாப்பிட்டுவிட்டுக் கழிப்பறையைத் தேடி அலைந்த கதை என்னிடம் இருக்கிறது, சொல்ல மாட்டேன்.

மெதுவாக ஓடுகிறவர்களுக்கு இன்னொரு வில்லங்கம். கென்யாவின் கெல்வின் கிப்டும் 2023-இல் சிகாகோவில் ஃபுல்லை 2:00:35-இல் முடித்தார். அந்த நேரத்தில் நான் பதினைந்தாவது கிலோமீட்டரில் இருப்பேன். தூரம் ஒன்றுதான், ஆனால் அவர் ஓடியதும் நான் ஓடுவதும் ஒரே பந்தயம் இல்லை. எனக்கு அது ஆறு மணி நேர வேலை, அதில் பாதி வெயிலில். அந்த ஆறு மணி நேரமும் பயத்தில் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் உப்பின் (சோடியம்) அளவு குறைந்துவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும், ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம். தண்ணீர் குடிக்காதவர்கள் இல்லை, அதிகம் குடித்தவர்கள்!

மாரடைப்புச் செய்தி ஒன்று வந்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எனக்குத்தான் ஃபார்வர்ட் செய்கிறார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை ஹாஃபும் ஃபுல்லும் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரில் இதயம் நின்றுபோனது 59 பேருக்கு. ஃபுல்லில் லட்சத்துக்கு 1.01, ஹாஃபில் 0.27. அக்கா கணவர் பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. இரண்டுக்கும் இடையில் நாலு மடங்கு வித்தியாசம் இருப்பதும் உண்மை. நாற்பதைத் தாண்டியிருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, "அதானே, லேடீஸுக்கு ஹாஃப் போதும்" என்று ஒருவர் வருவார். வந்திருக்கிறார், எங்கள் ஓட்டக் குழுவிலேயே. சார், நான் சொன்னது அது இல்லை. பெண்களின் உடம்பு தாங்காது என்று சொல்லிச் சொல்லியே 1984 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தானே வைக்காமல் இருந்தார்கள். 1966-இல் பாபி கிப் என்ற பெண், பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத பாஸ்டன் மாரத்தானில் தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்துப் புதரில் ஒளிந்திருந்து, நம்பர் இல்லாமலேயே ஓடி, 3 மணி 21 நிமிஷத்தில் முடித்தார். உங்களுடைய ஃபுல்லை விட ஒரு மணி நேரம் முன்னால். உடம்பு தாங்கும், சார். ஞாயிற்றுக்கிழமைதான் பெண்கள் கையில் இல்லை. நீங்கள் முப்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து ஏசியைப் போட்டுப் படுத்தால் சுடச்சுட இட்லி கட்டிலுக்கு வருகிறது. எனக்கு, முப்பது ஓடிவிட்டு வந்தால் இட்லி மாவு ஃபிரிட்ஜில் இருக்கிறது.

பஞ்சாபில் விவசாயம் பார்த்த முதியவர் ஃபௌஜா சிங்கைச் சொல்லி மடக்குகிறவர்களும் உண்டு. பாஸ்போர்ட் கணக்கில் 89 வயதில், 2000 லண்டனில், 6 மணி 54 நிமிஷத்தில் முதல் மாரத்தான். நினைத்தாலே புல்லரிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு வாரத்தில் ஏழும் ஞாயிறு. காலமெல்லாம் வயலில் நடந்து இறுகிய கால்கள். எங்களுடையது சுழல் நாற்காலியில் ஊறிய கால்கள்.

ஃபுல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு வருஷமாவது விடாமல் ஓடி, இரண்டு ஹாஃபை முடித்து, முடித்த மறுநாள் சாதாரணமாக வேலைக்குப் போக முடிந்தவர்கள் தாராளமாகப் போகலாம். ஹாஃப் நேரத்தை 2.085-ஆல் பெருக்கிப் பாருங்கள். ரீகல் என்ற பொறியாளர் எழுபதுகளில் போட்ட சூத்திரத்தின்படி, கிட்டத்தட்ட அதுதான் உங்கள் ஃபுல். கால் குணமாகி, அதற்கடுத்த ஜனவரியில் நான் ஓடி முடித்த ஹாஃப் 2 மணி 47 நிமிஷம். பெருக்கினால் 5:48 வருகிறது. புதியவர்களுக்கு இதுவே கொஞ்சம் தாராளமான கணக்கு, அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த எண்ணைப் பார்த்துச் சிரிப்பு வருகிறதா, வயிற்றைக் கலக்குகிறதா என்பதைப் பொறுத்து முடிவு செய்யலாம். இரண்டுக்கும் நடுவே சென்னை ஓட்டத்தில் 20 மைல் பிரிவும் இருக்கிறது, 32 கிலோமீட்டர். நேரக் கெடுபிடியே பிடிக்காதவர்களுக்கு பிப்ரவரியில் ஆரோவில், செம்மண் காட்டுப்பாதையில்.

அந்தப் பெண்ணுக்கு நேற்றிரவு இதையெல்லாம் சுருக்கி மெசேஜ் அனுப்பினேன். "ஓகே அக்கா, ஹாஃப். ஷூ எது வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறாள். அது தனிச் சண்டை, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

நானா? மாதக் காலண்டரில் ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை, எனக்கே எனக்கென்று கிடைக்கக்கூடிய ஞாயிறுகளைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பதினொன்று தேறுகிறது. பதினாறு வேண்டும். இன்று காலை என் கணவர் காலண்டர் முன்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். "பால்காரர் இவ்வளவு நாளா வரப் போறதில்லைன்னு சொன்னார்?"